செஃபலுவில் நாங்கள் துடைத்த வில்லா

எனக்கு ஒரு வியாதி உண்டு. இத்தாலியப் பெண்மணி யாராவது சற்று அதிகாரமாகப் பேசினால், விஷயம் என்னவென்று விளங்குவதற்கு முன்பே என் வாய் "சீ, சின்யோரா" என்று சொல்லிவிடும். 'ஓம் அம்மா, சரி அம்மா' என்று அர்த்தம். பலெர்மோவில் ஏழு வருடம் வீடு துடைத்து வாங்கிய பட்டம் அது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஆகஸ்ட். நானும் மனைவி மலரும் பணக்காரர் இருக்கும் லிபெர்த்தா தெருப் பக்கத்து வீடுகளில் வேலை செய்தோம். ஊரே கடலுக்குப் போகும் மாதத்தில் நாங்கள் மட்டும் அவர்களுடைய பூஞ்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்போம். அந்த வருடம் எனக்கு ரோசம் வந்துவிட்டது. செஃபலுவுக்குப் பக்கத்தில் கடலோர வில்லா ஒன்றை ஒரு கிழமைக்கு, முழுதாக ஏழு நாளுக்கு, வாடகைக்கு எடுத்தேன். (வில்லா என்றால் இரண்டு அறை. அதை மலரிடம் சொல்லவில்லை.)

"இந்த ஒரு கிழமையும் நீர் கூட்டுற தும்புத்தடி தொடப்படாது," என்று சத்தியம் செய்துகொடுத்தேன். மலர் என்னை நம்பினாள். அதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

வாசலில் நீலக் கேற், பூஞ்சாடிக்குக் கீழே கதவைத் திறக்கத் திறப்பு என்று வீட்டுக்காரர் டெலிபோனில் சொல்லியிருந்தார். நீலக் கேற் இருந்தது. சாடியும் திறப்பும் இருந்தன. உள்ளே போனால் விரற்கடைத் தூசி. அறைகளோ ஐந்து. பேசியதைவிடப் பெரிய வீடு கிடைத்ததில், என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

புது இடத்தில் பால் காய்ச்சாமல் மலர் தண்ணீரும் குடிக்கமாட்டாள். தூசிக்குள் பால் காய்ச்சவும் மாட்டாள். ஆகவே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நானே தொடங்கினேன். அவள் பெட்டிமேல் உட்கார்ந்து பத்து நிமிடம் பொறுத்தாள். பிறகு, "யன்னலை இப்பிடித் துடைச்சால் கோடு விழுமப்பா, இஞ்சை தாங்கோ," என்று துணியைப் பறித்தாள். மூன்று மணித்தியாலத்தில் வீடு பளபளத்தது. அடுப்பில் பால் ஏறிய நேரம் கதவு திறந்தது.

கறுப்புக் கண்ணாடியுடன் ஒரு சின்யோரா, பின்னால் அவர் குடும்பம். தரையைப் பார்த்தார், யன்னலைப் பார்த்தார், நன்றாகவே சந்தோஷப்பட்டார். துப்புரவு ஆட்கள் நாளைக்குத்தானே வருவதாக இருந்தது என்றார். மேல்மாடிக் கட்டில்களுக்கும் விரிப்பு மாற்றச் சொன்னார்.

"சீ, சின்யோரா," என்றேன். சொன்னது மட்டுமா, மாடிப்படி பாதி ஏறியும்விட்டேன்.

கீழே மலரின் குரல் கேட்டது. "நாங்கள் வேலைக்கு வரேல்லை, சின்யோரா. லீவுக்கு வந்தனாங்கள்." இத்தாலியனில், ஒவ்வொரு சொல்லாக, நிதானமாகச் சொன்னாள். ஏழு வருடத்தில் அவள் ஒரு சின்யோராவிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பெருமையோடு ஓடிவந்து வாடகைத் துண்டுச்சீட்டை எடுத்து நீட்டினேன்.

சின்யோரா வாசித்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, உங்களுடையது அடுத்த நீலக் கேற் என்றார். அதற்குள் பால் பொங்கி அவருடைய அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. (சகுனம் நல்லதுதான், வீடுதான் வேறு.)

அடுத்த கேற்றுக்குப் போனோம். இரண்டு அறை, அதே தூசி. மலர் உட்காரக் கதிரையொன்றைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். ஏழு நாளும் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மட்டும் வந்தாள். துடைத்ததும் சமைத்ததும் நான். என் சத்தியம் அப்படித்தான் காப்பாற்றப்பட்டது.

பல வருடம் கழித்து பலெர்மோவில் சொந்தமாக ஒரு சிறிய வீடு வாங்கினோம். பால் காய்ச்சும் நாளன்று தும்புத்தடியோடு வந்த மலர் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"விலாசம் பாத்தனீங்களோ?"

வீட்டு உறுதிப் பத்திரத்தை எடுத்துச் சத்தமாக வாசித்தேன். விலாசம் சரியாக இருந்தது. கீழே எங்கள் இரண்டு பேருடைய பெயரும் இருந்தது.

"எதுக்கும் இன்னொருக்கா வாசியுங்கோ," என்றாள்.