சந்தோஷ மேஸ்திரி

திருநாளைக் கொண்டாடுகிறவர்கள் ஒரு ரகம். கொண்டாட வைக்கிறவர்கள் வேறொரு ரகம். முதல் ரகத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. வடை தின்பார்கள், வெற்றிலை போடுவார்கள், ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்து, "அதுக்குள்ள சாயங்காலம் ஆயிடுச்சா?" என்பார்கள். இரண்டாவது ரகம் இருக்கிறதே, அதுதான் ஆபத்தானது. பெரும்பாலும் வீட்டுக்கு ஒன்று இருக்கும். விடியற்காலையில் எல்லோரும் போர்த்திக்கொண்டு கிடக்கும்போது கூடத்தின் நடுவில் வந்து நின்று கையைத் தட்டும். "எழுந்திருங்க, எழுந்திருங்க! இன்னைக்கு ஜாலியா இருக்கணும்னு நேத்தே சொன்னேனா இல்லையா?" என்று கேட்கும். அந்தக் குரலைக் கேட்டால் வீட்டில் ஏதோ திருட்டுப் போய்விட்டது என்றுதான் நினைக்கத் தோன்றும். இந்த ரகத்துக்குச் சந்தோஷ மேஸ்திரி என்று பெயர் வைக்கலாம்.

விருத்தாசலத்தில் இதற்கு அசல் உதாரணமாக ஒருவர் இருந்தார். பீங்கான் கம்பெனியில் சூளை மேஸ்திரி, பெயர் கலியமூர்த்தி. பொம்மை, கோப்பை, ஃப்யூஸ் கட்டை என்று எது வந்தாலும் வரிசையாக உள்ளே அடுக்கி, கதவைச் சாத்தி, எல்லாவற்றுக்கும் ஒரே சூடு கொடுத்து, எல்லாவற்றையும் ஒரே பளபளப்பாக வெளியே எடுப்பது அவர் வேலை. வருஷக்கணக்காக இதைச் செய்துகொண்டிருப்பவருக்கு வீட்டைப் பற்றி வேறென்ன எண்ணம் வரும்? பெண்டாட்டி பிள்ளைகளை ஒரு நல்ல நாளுக்குள் அடுக்கிக் கதவைச் சாத்திவிட்டால் சந்தோஷம் தானாக வெந்து வெளியே வரும் என்று அவர் மனசார நம்பினார். வராவிட்டால்? சூடு போதவில்லை என்று அர்த்தம்.

மாசி பிறந்தால் போதும், அவருக்குக் கால் தரையில் நிற்காது. மாசி மகம், பங்குனி உத்திரம், நடுவே ஏப்ரல் ஃபூல், அப்புறம் சித்திரை வருஷப் பிறப்பு. ஊருக்கெல்லாம் இவை நல்ல நாட்கள், அவர் வீட்டுக்கு அடுத்தடுத்த ஷிஃப்டு. பங்குனி உத்திரத்தன்று மணவாளநல்லூர் முருகன் கோயிலுக்கு பஸ்ஸு இருந்தாலும் ஏறக்கூடாது, நடப்பதில்தான் ஜாலி. நடந்து போகிற பிள்ளைகள் சும்மா நடக்கக்கூடாது, வழியில் வருகிற காவடிகளை எண்ணிக்கொண்டே வரவேண்டும். சரியாக எண்ணியவருக்குப் பரிசு உண்டு. கம்பெனியில் கழித்துப் போட்ட மூக்கில்லாத பீங்கான் பொம்மைதான் பரிசு. அந்த வீட்டு அலமாரியில் மூக்கில்லாத ராதைகளும் மூக்கில்லாத கிருஷ்ணர்களும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். வருஷப் பிறப்பன்று வேப்பம்பூப் பச்சடியை எல்லோரும் ஒரே சமயத்தில் வாயில் போட்டு, ஒருவர் பின் ஒருவராக அது எப்படி இருக்கிறது என்று சொல்லவேண்டும். "கசக்குதுப்பா" என்று சின்னவள் சிவகாமி சொன்னால், "சிரிச்சிக்கிட்டே சொல்லு" என்பார்.

ஏப்ரல் ஃபூல் கதை இன்னும் விசேஷம். முதல் நாள் ராத்திரியே, "நாளைக்கு உங்களை ஏமாத்தப் போறேன், யாரும் கோவிச்சிக்கக் கூடாது" என்று அறிவித்துவிடுவார். காலையில் மனைவி பாஞ்சாலையிடம், "உன் தம்பி வாசல்ல நிக்கிறான்" என்பார். வருஷாவருஷம் இதே தம்பி, இதே வாசல். அவள் அடுப்பை விட்டுவிட்டு ஓடவேண்டும், ஏமாறவேண்டும், சிரிக்கவேண்டும். ஒரு வருஷம் பெண்ணாடத்திலிருந்து தம்பி ராஜாங்கம் நிஜமாகவே வந்து வாசலில் நின்றான். பாஞ்சாலை அடுப்பைவிட்டு நகராமலே, "சரி சரி, சிரிச்சிட்டேன், போங்க" என்றாள். தலையில் கரும்புக் கட்டோடு அவன் வெயிலில் வெகுநேரம் நின்றான். அன்றைக்குச் சிரித்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் மட்டும்தான்.

இப்படிப்பட்டவருக்கும் ஒரு கவலை இருந்தது. எழுபத்திரண்டாம் வருஷம் அது. மூத்தவள் ராணிக்கு வேப்பூரில் ஓட்டல் வைத்திருந்த குடும்பத்தில் சம்பந்தம் பேசி, வைகாசியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. ஆக, இந்த வீட்டுப் பெண்ணாக அவள் போகிற கடைசி மாசி மகத் திருநாள் அதுதான். போகிற இடத்தில் நாலு பேருக்கு நடுவே உட்கார்ந்து, "எங்கப்பா கூட்டிக்கிட்டுப் போன திருநா மாதிரி வருமா?" என்று அவள் சொல்லவேண்டும். கலியமூர்த்திக்கு உலகத்தில் வேண்டியது அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெண் சிரிப்பதே இல்லை. சிரி என்றால் ஈ என்று பல்லைக் காட்டுவாள், போதும் என்றால் மூடிக்கொள்வாள். தானாக, வயிறு குலுங்க, மகள் சிரித்துப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கல்யாணப் பெண்ணின் கூச்சம் என்று பாஞ்சாலை சமாதானம் சொன்னாள். ஏற்பாடு போதவில்லை என்று அவர் முடிவு செய்தார்.

ஆகவே அந்த வருஷம் ஏற்பாடு பலமாகவே இருந்தது. துணிக்கடையில் பச்சைக் கட்டம் போட்ட துணியில் ஒரே பீஸாக வாங்கி, அவருக்குச் சட்டை, பாஞ்சாலைக்கு ரவிக்கை, ராணிக்குத் தாவணி, சிவகாமிக்குக் கவுன் என்று தைத்தாயிற்று. தாவணிக்கு அந்தத் துணி மொடமொடவென்று நின்றது, அதனால் என்ன? கூட்டத்தில் கண்ணுக்குத் தெரியும் அல்லவா! கிளம்புவதற்கு முன் நால்வரும் கூடத்தில் கூடினார்கள். ஒருவர் பேச, மூவர் கேட்டார்கள்.

"நான் குடையைத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு முன்னால போவேன். குடையைப் பாத்துக்கிட்டே பின்னால வரணும். வளையல் கடையில நிக்கக் கூடாது. ராட்டினம் கடைசியில, நேரம் இருந்தாத்தான். யாராவது தொலைஞ்சா நின்ன எடத்துலயே நிக்கணும், நான் வந்து கண்டுபுடிப்பேன். என்னா ராணி, மூஞ்சிய ஏன் அப்படி வெச்சிருக்கே? சிரிச்சா பல்லா கொட்டிடும்?"

ராணி ஈ என்று காட்டினாள்.

மணிமுத்தாற்று மணலில் அன்றைக்கு எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஒருபக்கம் தர்ப்பணம், ஒருபக்கம் தீர்த்தவாரி, நடுவில் பொரிகடலை, ஊதல், பீப்பீ, பஜ்ஜி, ஐஸு. குடை உயரே போயிற்று. குடைக்குக் கீழே கலியமூர்த்தி, திரும்பிப் பார்க்காமலே பேசிக்கொண்டு நடந்தார். "இங்க பாருங்க, சாமி வருது, எல்லாரும் கும்பிட்டாச்சா? நட. இது சர்பத்துக் கடை, குடிச்சா தொண்ட கட்டிக்கும், நட. இப்ப எல்லாரும் ஜாலியா இருக்கீங்கல்ல?" பின்னாலிருந்து, "ஆங்" என்று ஒரு குரல் வந்தது. கடைக்கண்ணால் பார்த்தார், பச்சைக் கட்டம் தெரிந்தது. அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஒருநாளும் இல்லாத திருநாளாக, முணுமுணுக்காமல், தண்ணீர் கேட்காமல், கால் வலிக்கிறது என்று சொல்லாமல் குடும்பம் இப்படிப் பின்னாலேயே வருகிறதே! ஏற்பாடு என்றால் இதுவல்லவா ஏற்பாடு! ஆற்றின் அக்கரை வரைக்கும் போய், பெருமையோடு திரும்பிப் பார்த்தார்.

ஒரு கிழவனாரும் அவர் பெண்டாட்டியும் பேரப் பிள்ளைகளும் நின்றார்கள். பிள்ளைகள் உடம்பில் அதே பச்சைக் கட்டம். துணிக்கடைக்காரன் ஒரு பீஸோடு நிறுத்துவானா?

"யாருய்யா நீங்க?"

"நாங்க கருவேப்பிலங்குறிச்சிங்க. நீங்க குடையத் தூக்கிக்கிட்டு எல்லாம் வெவரமா சொல்லிக்கிட்டே போனீங்க. வழி தெரிஞ்சவரு போலிருக்குதுன்னு கூடவே வந்துட்டோம். அடுத்து எங்கங்க போவணும்?"

அடுத்து எங்கே போவது! வந்த வழியே ஓடினார். தர்ப்பணம் செய்கிறவர்களுக்கு நடுவில் புகுந்து வசவு வாங்கினார். "ராணீ! பாஞ்சாலை!" என்று கத்தினார், பீப்பீதான் பதில் சொல்லிற்று. குடும்பம் நின்ற இடத்திலேயே நிற்குமே, எந்த இடத்தில் நின்றார்கள் என்று அவருக்கல்லவா தெரியவேண்டும்? மகளுக்குக் கடைசி மாசி மகம், அதை அவள் அழுதுகொண்டே கழிக்கிறாளே என்று நினைத்தபோது அவருக்கே கண் கலங்கிவிட்டது. கடைசியில் மைக் செட்டு வைத்திருந்த தொண்டர் பந்தலுக்குள் நுழைந்தார். அங்கே மைக்கைப் பிடித்திருந்தவர் டீக்கடை சாமிக்கண்ணு.

"என் சம்சாரமும் ரெண்டு பொண்ணுங்களும் தொலைஞ்சி போயிட்டாங்க, சொல்லுங்க."

"அவங்க எங்க இருக்காங்க?"

"தெரிஞ்சா உங்கிட்ட ஏன்யா வரேன்?"

"அப்ப நீங்கதாங்க தொலைஞ்சிருக்கீங்க. பந்தலுக்கு யாரு வராங்களோ அவங்க பேரத்தான் நாங்க சொல்றது. பேரச் சொல்லிட்டு உக்காருங்க."

கலியமூர்த்தி பேரைச் சொல்லி முடிப்பதற்குள் மைக் முழங்கிற்று. "பச்சைக் கட்டம் போட்ட சட்டை, கையில் குடை, கலியமூர்த்தி என்பவர் காணாமல் போய், நமது பந்தலில் அழுதுகொண்டிருக்கிறார். பெற்றோர்கள் உடனே வந்து…"

"யோவ், நான் எங்கய்யா அழுவுறேன்? பெத்தவங்களா? எனக்குக் கல்யாண வயசுல பொண்ணு இருக்குதுய்யா!"

காலையிலிருந்து குழந்தைகளாகவே சொல்லிச் சொல்லிச் சாமிக்கண்ணுவுக்கு வாய் பழகிவிட்டது. மைக்கையோ யாரும் அணைத்திருக்கவில்லை. கலியமூர்த்தியின் குரல் ஆறு முழுக்கக் கேட்டது. ஆறே ஒருமுறை சிரித்து ஓய்ந்தது.

அப்போதுதான் அவர் பார்த்தார். பந்தலுக்கு எதிரே, பொரிக்கடைகளுக்கு அப்பால், மரப்பெட்டி ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது. மேலே ஏறிய பெட்டி ஒன்றில் பச்சைக் கட்டம். இன்னொரு குடும்பமாக இருக்கும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். கருவேப்பிலங்குறிச்சி இல்லை, அவருடைய சொந்தப் பச்சைக் கட்டம்தான். பாஞ்சாலை கையில் பஜ்ஜி. சிவகாமி வாயில் ஐஸு. ராணி? ராணி சிரித்துக்கொண்டிருந்தாள். சும்மா சிரிப்பு இல்லை. தாவணியை வாயில் அடைத்துக்கொண்டு, அம்மா தோளில் முட்டிக்கொண்டு, மூச்சு வாங்கமுடியாமல், பந்தல் பக்கம் கையைக் காட்டிக் காட்டிச் சிரித்தாள்.

ராட்டினம் நின்றது. இதோ இறங்குவார்கள், இதோ ஓடிவருவார்கள் என்று கலியமூர்த்தி எழுந்து நின்றுகொண்டார். ஒருவரும் இறங்கவில்லை. ராட்டினக்காரன் மறுபடியும் தள்ளினான்.

"இன்னொரு தபா சொல்லட்டுங்களா?" என்றார் சாமிக்கண்ணு.

"வேணாம்" என்றார் கலியமூர்த்தி. உள்ளே எழுந்தது கோபமா, அவமானமா, அல்லது எத்தனையோ வருஷமாகத் தேடிய பொருள் தான் இல்லாத இடத்தில் அகப்பட்டுவிட்ட துக்கமா என்று அவருக்கே விளங்கவில்லை. ஆனாலும் அந்தப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வெகுநேரம் கழித்து அவர்கள் வந்தார்கள். வருகிற வழியிலேயே சிவகாமி வாயைத் துடைத்துக்கொண்டதையும், பாஞ்சாலை முந்தானையைச் சரிசெய்துகொண்டதையும், ராணி தன் சிரிப்பை மடித்து எங்கோ உள்ளே வைத்துவிட்டு, முகத்தைக் கல்யாணப் பெண் முகமாக ஆக்கிக்கொண்டதையும் அவர் பந்தலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாங்க, எங்க போயிட்டீங்க? நாங்க நின்ன எடத்துலயேதாங்க நின்னோம்" என்றாள் பாஞ்சாலை.

நின்ற இடம் மேலும் கீழும் போய்வந்ததை அவர் சொல்லவில்லை.

"பயந்துட்டியாம்மா?" என்று ராணியைக் கேட்டார்.

"ரொம்பப் பயந்துட்டம்ப்பா" என்றாள் ராணி.

"சரி, நட" என்றார். குடையைத் தூக்க மறந்துபோனார்.

வைகாசியில் கல்யாணம் ஆயிற்று. மறு வருஷம் மாசி மகத்துக்கு ராணி புருஷனோடு வந்தாள். மாப்பிள்ளை நல்ல பிள்ளை, வாய் ஓயாத பிள்ளை. காபியைக் கையில் வாங்கியதும் ஆரம்பித்துவிட்டார். "மாமா, நீங்க தொலைஞ்சி போன திருநா கதைய எங்க வூட்டுல வாரத்துக்கு ஒரு தபாவாவது ராணி சொல்லிடுதுங்க. எங்கம்மா புரையேறிச் சிரிக்கும். எங்கப்பா மாதிரி வருமான்னு ராணி பெருமையா சொல்லும்ங்க." ராணி உள்ளே ஓடிவிட்டாள். பாஞ்சாலை காபி டம்ளரை எடுக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கலியமூர்த்தி திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? மேஸ்திரி திருந்துவாரா? அன்று சாயங்காலம் எல்லோரையும் கூடத்தில் கூட்டினார். "நல்லா கேட்டுக்குங்க. சாமி கும்புட்டதும் நேரா ராட்டினம். ராட்டினத்துக்கிட்ட வந்ததும் நான் தொலைஞ்சி போயிடுவேன். யாரும் தேடக் கூடாது. அந்த நேரத்துல எல்லாரும் நல்லாச் சிரிக்கணும், சொல்லிட்டேன்."

சொன்னபடியே தொலைந்தார். சாமிக்கண்ணு பந்தலில் அவரை அடையாளம் கண்டுகொண்டு, "வந்துட்டீங்களா? பேரச் சொல்லிடட்டுங்களா?" என்று மைக்கை எடுத்தார்.

"கொஞ்சம் பொறுத்துச் சொல்லுங்க" என்றார் கலியமூர்த்தி, ராட்டினத்தைப் பார்த்தபடியே. "இன்னும் ரெண்டு சுத்து சுத்திட்டு வரட்டும்."

அந்தப் பந்தலில் ஒரு நீளப் பெஞ்சு உண்டு. அன்றைக்கு அதில் கலியமூர்த்தியோடு பாத்திரக்கடை முதலாளி ஒருவர், ஸ்கூலு வாத்தியார் ஒருவர், தாசில்தார் ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் என்று குடும்பத்தை நல்லபடி நடத்துகிற, அவரைப் போலவே தொலைந்துபோன பெரிய மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் இன்னும் ஒரு ஆள் உட்கார இடம் இருந்தது. வருகிற திருநாளைக்கு உங்கள் வீட்டில் என்ன ஏற்பாடு என்று நான் கேட்கவில்லை. நீங்கள் கடைக்குப் போயிருக்கும்போது உங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கிறதா என்று மட்டும் பக்கத்து வீட்டில் விசாரித்துப் பாருங்கள். கேட்கிறது என்று சொன்னால், கூச்சப்படாமல் வந்து உட்காருங்கள், அவர்களைச் சற்றுத் தள்ளி உட்காரச் சொல்கிறேன்.