மாத மடலில் வராத பெயர்

அநீதிகளை வரிசை மாறாமல் சொல்கிறேன். வரிசை மாறினால் சூடு குறைந்துவிடும்.

முதல் அநீதி கண் பரிசோதனை முகாமில் நடந்தது. எங்கள் சேவைக் கழகம் நடத்திய முகாம். மாடியிலிருந்து முப்பத்தாறு பெஞ்சுகளை இறக்கியவன் நான். கழகத்தின் மாத மடலில் படம் வந்தது. தலைவர், அதாவது பல் வைத்தியர், நாடா வெட்டுகிறார். அவர் காதுக்குப் பின்னால் ஒரு முழங்கை தெரிகிறது. அது என் முழங்கை. கீழே எழுதியிருந்தது: ‘தலைவரும் மற்றவர்களும்.’ இருந்தது ஒரே ஒரு முழங்கை; அதற்குப் பன்மை ஒரு கேடு.

இரண்டாவது, இரத்த தான முகாம். முதல் ஆளாகப் போய்ப் படுத்தேன். கொடுத்தேன். எழுந்தேன். விழுந்தேன். மடல் எழுதியது: ‘உறுப்பினர் ஒருவர் மயங்கி விழுந்ததைத் தவிர முகாம் சிறப்பாக நடந்தது.’

மூன்றாவது, கால்வாய் சுத்தம் செய்தது. இடுப்பு வரை சேற்றில் நின்றேன். கரையில் நின்று வருகை எடுத்த செயலாளருக்கு, சேற்றுக்குள் இருப்பது யார் என்று தெரியவில்லையாம். வராதவர்கள் பட்டியலில் என்னைச் சேர்த்துவிட்டார்.

நான்காவதை எழுதும்போது பேனா தாளைக் கிழிக்கிறது. எனக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்தது. அதே வாரம் பல் வைத்தியரின் நாய்க்குக் கால் சுளுக்கு. ‘உறுப்பினர் செய்திகள்’ பகுதியில் நாய்க்கு நான்கு வரி, ஒரு படம். எனக்குப் பெயர் போடாமல் ஒன்றரை வரி. அதில் அரை வரி, நாய் நலம்பெற நான் வாழ்த்தியதாக. நான் வாழ்த்தவில்லை.

நான் யார் தெரியுமா? பேருந்துப் பணிமனையில் நாற்பத்தொரு நாள் வேலைநிறுத்தம் நடத்தியவன். மூன்று மேலாளர்களை மாற்றல் வாங்கிக்கொண்டு ஓட வைத்தவன். நான் படித்ததெல்லாம் துண்டுப் பிரசுரம். எட்டுப் பக்கத்துக்கு மேல் போகும் எதையும் நான் நம்புவதில்லை. அப்பா அம்மா எனக்கு வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் பணிமனையில் ஒட்டிக்கொண்ட ‘கோஷம்’ என்ற பட்டப்பெயர்தான் இன்றுவரை வழங்குகிறது. கழகத்திலும் கோஷம்தான். என் சொந்தப் பெயரை இங்கேயும் எழுதமாட்டேன். முதலில் அது மடலில் வரட்டும்.

பதினொரு வருஷமாக வரவில்லை. என் பட்டப்பெயராவது ஒழுங்காக அச்சில் வந்தது ஒரே ஒரு முறை. அதைக் கத்தரித்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ‘சக்கர நாற்காலி, ஊன்றுகோல் தேவைப்படுவோர் திரு. கோஷம் அவர்களின் துணைவியாரை அணுகவும்.’

அந்த ஊன்றுகோல் விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். கழகம் நோயாளிகளுக்கு இரவல் கொடுக்கும் சாமான்கள் எல்லாம் எங்கள் வீட்டு முன்னறையில்தான் கிடக்கின்றன. ஐந்து சக்கர நாற்காலி, பத்தொன்பது ஊன்றுகோல், இரண்டு மடக்குக் கட்டில். கொடுப்பது, வாங்குவது, கழுவுவது, சக்கரத்துக்கு எண்ணெய் விடுவது எல்லாம் என் மனைவி. வீட்டில் இருந்த சாதாரண நாற்காலியைப் போட இடமில்லாமல், நான் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துதான் அறிக்கை எழுதுவேன். அனல் பறக்கும் வாக்கியத்தின் நடுவில் அவள் வந்து நிற்பாள்.

“எழுந்திருங்க.”

“எதுக்கு?”

“நாற்காலிக்கு ஆள் வந்திருக்காங்க.”

நாற்பத்தொரு நாள் எழுந்திருக்காமல் மறியல் செய்தவன் நான். எழுந்துவிடுவேன்.

நாய்ச் செய்தி வந்த அன்று நான் முடிவெடுத்தேன். கழகத் தலைவர் பதவியைக் கைப்பற்றுவது. காரணம் எளிது. மடலின் முதல் பக்கத்தில் தலைவரின் முழுப்பெயர், முதலெழுத்தோடு, படத்தோடு, மாதம் தவறாமல் வரும். பல் வைத்தியர் ஒன்பது வருஷமாகப் போட்டியில்லாமல் வந்துகொண்டிருக்கிறார்.

“இந்தத் தடவை நான் நிக்கிறேன்” என்றேன் மனைவியிடம்.

“நில்லுங்க. அப்படியே அந்த மேல் ஊன்றுகோலை எடுத்துக் குடுங்க.”

“தேர்தல்ல நிக்கிறேன்னு சொல்றேன்!”

“ஜெயிச்சா அந்தப் பின் அறையைத் திறந்து விடுவீங்களா? கழகத்துல சும்மாத்தானே பூட்டிக் கிடக்கு. பழைய பேனரும் டாக்டரோட போட்டோவும்தான் உள்ள இருக்கு. இந்தச் சாமானையெல்லாம் அங்க வெச்சா நம்ம வீட்டுக்குள்ள நாம நடக்கலாம். மூணு வருஷமா கூட்டத்துல கேளுங்க கேளுங்கன்னு சொல்றேன்.”

“இது கொள்கைப் போராட்டம். இதுல போய் அறை, சாவின்னு...”

“கொள்கையில தடுக்கி நேத்து நீங்கதானே விழுந்தீங்க?”

“அது ஊன்றுகோல்.”

“அதைத்தாங்க நானும் சொல்றேன்.”

பெண்களுக்குப் பெரிய படம் தெரிவதில்லை என்று அப்போது நினைத்தேன். அச்சில் போடவில்லை என்பது ஒன்றே ஆறுதல்.

எண்ணிக்கைதான் இடித்தது. கழகத்தில் முப்பத்தொரு உறுப்பினர்கள். அதில் பத்தொன்பது பேர் பல் வைத்தியரிடம் வாயைத் திறந்தவர்கள். அவருக்கு எதிராக வாயைத் திறக்கமாட்டார்கள். என் பக்கம் உறுதியாக இருந்தது தையற்கடைக்காரர் ஒருவர்தான். பணிமனைக் காலத்திலிருந்து என் தோழர். சீருடை தைத்தவர்.

“வாக்காளரை மாத்த முடியாது தோழரே, வாக்காளர் பட்டியலை மாத்தலாம்ல?” என்றார் அவர், வாயில் குண்டூசியோடு.

பொறி தட்டியது. உறுப்பினர்களின் மனைவிமார் இருபத்துநாலு பேர். முகாமுக்கு முகாம் அவர்கள்தான் உழைக்கிறார்கள். வாக்கு மட்டும் கிடையாது. மடலின் பட்டியலில் பெயர்கூடக் கிடையாது. ‘இன்னாரின் துணைவியார்’ என்றுதான் போடுவார்கள். ‘துணைக்குத் தனியாகப் பெயர் போடுவது மரபில்லை’ என்பது செயலாளரின் வழக்கமான பதில். இதைவிடப் பச்சை அநீதி உண்டா? எனக்கு இருபத்துநாலு வாக்கு தரக்கூடிய அநீதியை நான் பதினொரு வருஷமாகக் கவனிக்காமல் விட்டதை எண்ணி வெட்கப்பட்டேன்.

அன்றே பிரசுரம் எழுதினேன். ‘தேநீர் ஊற்ற ஒரு கை வேண்டும், வாக்களிக்க அதே கை வேண்டாமா?’ எழுதிய எனக்கே புல்லரித்தது. மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“நல்லாருக்கு. ஓட்டு மட்டும்தானா?”

“வேற என்ன?”

“இல்ல, ஓட்டு போடறவங்க தேர்தல்ல நிக்கலாமான்னு தையற்கடை அக்கா கேட்டாங்க.”

“நிக்கலாம்! உரிமைன்னா முழு உரிமை! அரை உரிமை கேக்கற பழக்கம் எனக்குக் கிடையாது!”

“அப்ப அதையும் எழுதிடுங்க. அப்புறம் மறந்துடப் போறீங்க.”

எழுதினேன். ‘வாக்களிக்கும் உரிமையும் போட்டியிடும் உரிமையும் உட்பட சகல உரிமைகளும்.’ சகல என்பதற்குக் கீழே இரண்டு கோடு.

ஆதரவுக் கையெழுத்துகளை அவளே வீடு வீடாகப் போய் வாங்கி வந்தாள். மூன்றே நாள். பணிமனையில் எனக்கு மூன்று வாரம் ஆகும். எப்படி என்று கேட்டேன். அந்த வீடுகளில் ஏதாவது ஒரு மாமியாராவது மாமனாராவது எங்கள் முன்னறை நாற்காலியில் போய்வந்தவர்களாம். கணவர்களும் போட்டிருந்தார்கள். சாதாரணக் கூட்டத்திலேயே திருத்தம் நிறைவேறியது. பல் வைத்தியர்கூடக் கை தூக்கினார். அவர் தாயார் ஏழு மாதமாக எங்கள் மூன்றாம் எண் நாற்காலியில்தான் இருக்கிறார்.

அன்று மாலை நான் நன்றி அறிவிப்பு எழுதிக்கொண்டிருந்தபோது மனைவி இன்னொரு தாளைக் கொண்டுவந்தாள்.

“இங்க ஒரு கையெழுத்து போடுங்க. முழுப்பேரும் எழுதி.”

“என்ன தாள்?”

“படிச்சுட்டுப் போடுங்க.”

“தலைவரை எதிர்க்கிற தாள்தானே?”

“ஆமாங்க. தலைவரை எதிர்த்துத்தான்.”

“அப்ப படிக்கறதுக்கு என்ன இருக்கு?”

இதை நான் விளக்க வேண்டும். மேலிடத்தை எதிர்க்கும் எந்த மனுவுக்கும் வாழ்நாளில் நான் கையெழுத்து மறுத்ததில்லை. படித்ததும் இல்லை. மனுவைப் படிப்பது அதிகாரிகளின் வேலை. கையெழுத்துப் போடுவதுதான் தொண்டனின் வேலை. போட்டேன். கீழே வழக்கம்போல் இரண்டு கோடு.

“ஒரு தடவ படிச்சுத்தான் பாருங்களேன்” என்றாள் மறுபடியும்.

“கொண்டு போம்மா. எழுதற ஓட்டம் தடைபடுது.”

வெள்ளிக்கிழமை என் வேட்புமனுவைத் தையற்கடைக்காரர் முன்மொழிய, உறையில் போட்டு ஒட்டி, கழகப் பெட்டியில் போட்டேன். வேட்புமனு உறைகளை எல்லோர் முன்னிலையிலும்தான் பிரிக்க வேண்டும். அது நான் போராடிக் கொண்டுவந்த விதி. இன்னொருவரை முன்மொழிந்தவர் தானே போட்டியிடக் கூடாது. அதுவும் என் விதி. நாலு வருஷத்துக்கு முன் பல் வைத்தியர் தன் மைத்துனரைத் தானே முன்மொழிந்து ஒப்புக்கு நிறுத்தி, கடைசி நிமிஷத்தில் விலக வைத்து, ‘போட்டியின்றி’ என்று மடலில் போட்டுக்கொண்டார். அந்தக் கூத்தை ஒழிக்கத்தான். முடிவை இரண்டு சாட்சிகளை நிற்கவைத்து உரக்க வாசிக்க வேண்டும். அதுவும் நான். அந்தக் கழகத்தில் நேர்மையாக இருக்கும் ஒவ்வொரு கமாவும் என் வியர்வை.

ஞாயிறு காலை. கழக மாடி. ஐம்பத்தைந்து பேரும் வந்திருந்தார்கள். மனைவிமார் முதல் முறையாக முன்வரிசையில். என்னவளும் அங்கேதான். சலவை செய்த சட்டையில் நான். சட்டைப்பையில் ஏற்புரை, எட்டுப் பக்கம்.

செயலாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உறைகளைப் பிரித்தார்.

“தலைவர் பதவிக்கு மூணு மனு வந்திருக்கு. அதுல ஒண்ணு செல்லாது.”

நான் பல் வைத்தியரைப் பார்த்துப் புன்னகைத்தேன்.

“செல்லாத மனு, நம்ம கோஷம் அண்ணனுது.”

“என்னது?” கூரை அதிர்ந்தது. “எந்த விதிப்படி?”

“உங்க விதிப்படிதாண்ணே. நீங்க வேற ஒருத்தரை முன்மொழிஞ்சிருக்கீங்களே.”

“நானா? யாரை? இது சதி! போலிக் கையெழுத்து! கொண்டாங்க அந்தத் தாளை!”

கொண்டுவந்து காட்டினார். என் கையெழுத்து. கீழே இரண்டு கோடு. என்னைப் போல் கோடு போட இந்த உலகத்தில் ஆள் கிடையாது. கோட்டுக்கு மேலே, வேட்பாளர் என்ற இடத்தில், முத்து முத்தான எழுத்தில், என் மனைவியின் பெயர். வழிமொழிந்தவர் தையற்கடைக்காரரின் மனைவி.

தோழரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“என் வீட்டுல நடக்கறது எனக்கு எப்பத் தோழரே தெரிஞ்சிருக்கு?”

முன்வரிசைக்குப் போனேன். “என்னம்மா இது?”

“படிச்சுட்டுப் போடுங்கன்னு ரெண்டு தடவ சொன்னேங்க.”

“தலைவரை எதிர்க்கிற தாளுன்னியே!”

“எதிர்த்துத்தானே நிக்கிறேன்?”

“எனக்கு எதிரா...”

“உங்களுக்கு எதிரா இல்லைங்க. உங்க பிரசுரத்துல இருக்கற மாதிரிதான்.” கைப்பையிலிருந்து என் பிரசுரத்தை எடுத்தாள். சகல என்ற இடத்தில் விரலை வைத்தாள். “அந்த அறையை யாராவது திறக்கணும்ல? உங்களுக்கு முதல் பக்கத்துல பேரு வந்தாப் போதும். அறையைப் பத்தி உங்க ஏற்புரையில ஒரு வரிகூட இல்லையே. எட்டுப் பக்கமும் தேடிட்டேன்.”

“உட்காருங்கண்ணே, மறைக்குது” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். என்னிடம்! மேடையை மறைக்கிறேனாம்!

வாக்குச் சீட்டு கொடுத்தார்கள். நாய்க்கு எஜமானரா, எனக்கு எஜமானியா? நான் யாருக்குப் போட்டேன் என்பது இரகசியம். வாக்கு இரகசியமும் என் விதிதான்.

எண்ணி முடித்தார்கள். பல் வைத்தியர் பதினான்கு. அவள் நாற்பத்தொன்று. என் வேலைநிறுத்தத்தின் நாள் எண்ணிக்கை! சரித்திரம் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பதாகப் பட்டது.

பல் வைத்தியர் எழுந்து கைகொடுத்தார். பின் அறைச் சாவியையும் அங்கேயே கொடுத்துவிட்டார். ஒன்பது வருஷத்தில் அவர் செய்த ஒரே நல்ல காரியம். அதுவும் பதவி போன பிறகு.

நான் நொறுங்கவில்லை. தோல்வியிலிருந்து ஒரு வெற்றியையாவது பிடுங்கிக்கொண்டு வருவதுதான் பழைய போராளியின் பழக்கம். முடிவை வாசிக்கும்போது முன்மொழிந்தவர் பெயரையும் வாசித்தாக வேண்டும். வாசித்தது அப்படியே மடலின் முதல் பக்கத்துக்குப் போகும். தாளில் என் முழுப்பெயர் இருக்கிறது. நானே எழுதியது. பதினொரு வருஷத்துக்குப் பிறகு, இரண்டு சாட்சிகள் நிற்க, ஐம்பத்தைந்து பேர் கேட்க, என் அப்பா அம்மா வைத்த பெயர்!

எழுந்து நின்றேன். சட்டைக் காலரைச் சரிசெய்தேன். தையற்கடைக்காரரும் பல் வைத்தியரும் சாட்சிகளாக எழுந்து நின்றார்கள்.

செயலாளர் தொண்டையைக் கனைத்தார். முதலில் தலைவரின் பெயர். முதலெழுத்தோடு, முழுசாக, நிறுத்தி வாசித்தார். கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்திட்ட அன்று கேட்டது; அதற்குப் பிறகு அந்தப் பெயரை யாரும் இப்படி முழுசாகச் சொல்லி நான் கேட்டதில்லை. கைதட்டல் அடங்க நேரமானது.

அடுத்தது நான். செயலாளர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மடலின் மரபு அவருக்கு நினைவுக்கு வந்துவிட்டது என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது.

“முழுப்பெயர்!” என்று நான் கத்துவதற்குள் வாசித்துவிட்டார்.

“முன்மொழிந்தவர், தலைவரின் துணைவர்.”