நம்பர் சொல்லுங்க சார்

எனக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் ஒரு லிஃப்ட் வந்து நின்றது. அதுவும் எங்கள் கட்டட லிஃப்ட். நானே எண்ணெய் போட்டு, துடைத்து, பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்ளும் லிஃப்ட்.

என் தொழில் லிஃப்ட் ரிப்பேர். ஊரில் எந்த மூலையில் லிஃப்ட் மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தந்த மூலையில் எந்தக் கடையில் என்ன ருசியாக இருக்கும் என்பது எனக்கு அத்துப்படி. துறைமுகத்துப் பக்கம் மீன் வறுவல். ஆஸ்பத்திரிக்கு எதிரில் எலும்பு சூப். கோர்ட்டுக்குப் பின்னால் நூடுல்ஸ். லிஃப்டைச் சரிபண்ண அரை மணி நேரம் போதும். சாப்பிடத்தான் ஒரு மணி நேரம் ஆகும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. காய்கறிப் பையோடு மனைவி லிஃப்டில் ஏறினாள். எதிர்வீட்டுத் தையல்காரம்மா ஏறினார். அவருடைய கணவர், பஸ் கண்டக்டர், ஏறினார். கடைசியாக நான் காலை வைத்தேன்.

க்ரீரீரீங்!

எடை கூடிவிட்டது என்று மணி அடிக்கிறது. இறங்கினேன். நின்றது. ஏறினேன். க்ரீரீங்! தையல்காரம்மா கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பை ஒரு தரம் தடவிக்கொண்டார்.

"சென்சார் கோளாறு" என்றேன்.

"இந்த லிஃப்டைப் பாத்துக்கறது யாரு?" என்றாள் மனைவி.

"நான்தான்."

"போன வாரம்தானே 'என் லிஃப்ட் பொய்யே சொல்லாது'ன்னு கண்டக்டர் சார்கிட்ட பெருமையடிச்சீங்க?"

கண்டக்டர் ஆமாம் என்று தலையாட்டினார். அவர் வாயைத் திறந்து பேசுகிற ஆள் இல்லை. உண்மை எங்கே காதில் விழுந்தாலும் தலையாட்டுவார். அவ்வளவுதான்.

"நீங்க படியில வாங்க" என்றாள். கதவு மூடிக்கொண்டது.

ஐந்து மாடி. நான் மூச்சிரைக்க மேலே போய்ச் சேருவதற்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

"இன்னையிலேருந்து மூணு மாசம் வெளிச்சாப்பாடு கிடையாது. மூணு மாசம் கழிச்சு அதே லிஃப்ட், அதே நாலு பேரு. மணி அடிக்கக் கூடாது."

"அடிச்சா?"

"அண்ணன் வருவான்."

என் மச்சான் அப்போதே வந்துவிட்டாரா என்று படிக்கட்டை எட்டிப் பார்த்தேன்.

"நடுவுல எங்கயாவது ஒளிஞ்சு சாப்பிட்டது தெரிஞ்சாலும் வருவான். வந்தா தங்கிடுவான். அவனுக்கு இந்த வருஷம் ரிட்டயர்மெண்டு."

என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். வீட்டிலும் கழுத்தில் விசில் தொங்கும். ஒரு விசில் அடித்தால் எழுந்திருக்க வேண்டும். இரண்டு அடித்தால் ஓட வேண்டும். மூன்று அடித்தால் வாயில் இருப்பதை அப்படியே விழுங்கிவிட்டுத் தட்டைத் தள்ளிவைக்க வேண்டும். போன வருஷம் ஒரு வாரம் வந்து தங்கினார். அந்த ஏழு நாளில் நான் ஓடிய ஓட்டத்தை ஒரே திசையில் ஓடியிருந்தால் வேறு நாட்டுக்கே போய்ச் சேர்ந்திருப்பேன். அந்த மனிதர் நிரந்தரமாக வந்து தங்கினால் நான் என்ன ஆவது?

எனவே சபதம் எடுத்தேன். ஒன்பது நாள் வேகவைத்த முட்டைக்கோஸ். வேகவைத்த கேரட். வேகவைத்த இன்னொன்று. அது என்னவென்று கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை. நாக்கு செத்துப் போயிற்று.

பத்தாவது நாள் துறைமுகத்துப் பக்கம் ஒரு லிஃப்ட் நின்றுபோய்விட்டது. என்னைக் கேட்டா நின்றது? வேலையை முடித்துவிட்டுச் சும்மா வாசனை பார்க்கத்தான் மீன் கடைக்குள் போனேன். குனிந்து பார்த்தால் தட்டில் முள் மட்டும் இருந்தது. மனைவி கட்டிக்கொடுத்த டப்பாவில் முட்டைக்கோஸ் என்னையே பார்த்தது. பாவமாக இருந்தது. அதையும் சாப்பிட்டேன்.

கல்லாவில் ஒரு பெண், கம்ப்யூட்டருக்குப் பின்னால்.

"நம்பர் சொல்லுங்க சார்."

"என்ன நம்பர்?"

"போன் நம்பர். பத்து தடவை சாப்பிட்டா நாலு பேருக்கு விருந்து ஃப்ரீ."

என் போனை மனைவி தினமும் சாயங்காலம் வாங்கிப் பார்ப்பாள். அதில் 'மீன் சாப்பிட்டதற்கு நன்றி' என்று ஒரு மெசேஜ் வந்தால் போதும், மச்சான் பெட்டி கட்டிவிடுவார்.

"நம்பர் வேணாம்மா."

"நம்பர் போடலைன்னா பில்லு வராது சார். பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது. மடமடவென்று பத்து இலக்கம் தானாக வந்து விழுந்தது. எனக்கே ஆச்சரியம். தட்டுத் தடுமாறாமல் எவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறேன்! யாருடைய நம்பரோ, யார் பெற்ற பிள்ளையோ. விருந்து சாப்பிட்டு நன்றாக இருக்கட்டும் என்று மனதார வாழ்த்திவிட்டு வந்தேன்.

அப்புறம் என்ன? மதகு திறந்துவிட்டது. சூப் கடையில் நம்பர் கேட்டார்கள். நூடுல்ஸ் கடையில் கேட்டார்கள். கடைக்கு ஒரு பொய் சொன்னால் ஞாபகம் இருக்காதே என்று எல்லா இடத்திலும் அதே நம்பரைச் சொன்னேன். கேட்டதும் கடகடவென்று ஒப்பித்தேன்.

ஆனால் நிம்மதியாகச் சாப்பிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு தரம் வாசலைப் பார்ப்பேன். சட்டையைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, வேலைக்குப் போடும் அழுக்கு அங்கியோடு சாப்பிடுவேன். கையை எலுமிச்சைத் தோலால் தேய்ப்பேன். கிராம்பு மெல்லுவேன். வீட்டுக்குள் நுழையும்போது மூச்சை உள்பக்கமாக மட்டும் விடுவேன்.

அப்படியும் வீட்டில் ஏதோ சரியில்லை. மீன் சாப்பிட்ட நாளில் ராத்திரிக்கு வெள்ளரிக்காய் மட்டும் வந்தது. சூப்போடு நிறுத்திக்கொண்ட நாளில் இரண்டு ரொட்டி சேர்ந்து வந்தது. கடைவீதிப் பக்கமே போகாத ஒரே ஒரு நாள், முட்டையே வந்துவிட்டது!

"என்ன திடீர்னு முட்டை?" என்று கேட்டேன்.

"இன்னைக்கு மத்தியானம் நீங்க ஒழுங்கா சாப்பிட்டிருக்க மாட்டீங்கன்னு தோணிச்சு."

"எப்படித் தோணிச்சு?"

"பொண்டாட்டிங்க. தோணாதா?"

சொல்லிவிட்டு அடுப்படி அலமாரியில் இருந்த பழைய பட்டன் போனை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். கேஸ் சிலிண்டருக்குப் பதிவு பண்ணுவதற்காக மட்டும் வைத்திருக்கிற போன் அது. எனக்கு எதுவும் தோன்றவில்லை. முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாரோ போட்டுக் கொடுக்கிறார்கள் என்பது மட்டும் நிச்சயம். யார்? ஒரு நாள் விடை கிடைத்தது. நூடுல்ஸ் கடையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே சிக்னலில் ஒரு பஸ் வந்து நின்றது. படிக்கட்டில் நம் கண்டக்டர். நேராக என்னைப் பார்க்கிறார்! மெனு கார்டால் முகத்தை மறைத்தேன். நூடுல்ஸ் மட்டும் கார்டுக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. கார்டுக்கு மேலே மெல்ல எட்டிப் பார்த்தேன். அவர் தலையாட்டினார்.

சாயங்காலம் அவர் வீட்டுக்கு ஓடினேன். கூப்பிடாமலே கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டேன். ஒழுகுகிற குழாயை அடைத்தேன். மின்விசிறியைத் துடைத்தேன்.

"எதுக்கு அண்ணே இதெல்லாம்?" என்றார் தையல்காரம்மா.

"அக்கம்பக்கம்னா ஒருத்தருக்கொருத்தர் உதவியா இருக்க வேண்டாமா?" என்று கண்டக்டரை அர்த்தத்தோடு பார்த்தேன். அவர் அதற்கும் தலையாட்டினார். தையல்காரம்மா தைத்துக்கொண்டிருந்த ரவிக்கை என் மனைவியுடையது. பக்கவாட்டில் பிரித்து, துணி விட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். எனக்கு என்ன அக்கறை? என் கவலை எனக்கு.

மூன்று மாதம் முடிந்தது.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். நான் நினைத்திருந்தால் லிஃப்டின் மணி ஒயரை இரண்டே நிமிஷத்தில் பிடுங்கியிருக்கலாம். செய்யவில்லை. சோற்று விஷயத்தில் நான் அயோக்கியன்தான். தொழிலில் கை வைக்க மாட்டேன். ஆனால் தொழில் கற்றுக்கொடுத்த ஒரு சூட்சுமம் என்னிடம் இருந்தது. மணி அடித்தால் யாருக்குமே யார் எடை கூடியது என்று தெரியாது. எல்லோரும் கடைசியாக ஏறின ஆளைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். போன தடவை நான் கடைசியாக ஏறினேன், மாட்டிக்கொண்டேன். இந்தத் தடவை முதலில் ஏறிவிட வேண்டும்!

பரீட்சை நாள். கீழே போனால், பெட்டியும் கையுமாக மச்சான் நிற்கிறார். கழுத்தில் விசில். முன்பு நெஞ்சில் தொங்கும் விசில், இப்போது வயிற்றின்மேல் சாய்ந்து படுத்திருந்தது. பயத்தில் நான் அதை யோசிக்கவில்லை.

"என்ன மாப்பிள்ளை, ரெடியா?"

"ரெடி மச்சான்!" என்று சொல்லி முடிப்பதற்குள் லிஃப்டுக்குள் பாய்ந்து மூலையில் ஒட்டிக்கொண்டேன். கண்டக்டர் ஏறினார். மணி அடிக்கவில்லை. தையல்காரம்மா ஏறினார். அடிக்கவில்லை. மனைவி காலை எடுத்து வைத்தாள்.

க்ரீரீரீரீங்!

"நான் முதல்ல ஏறிட்டேன்!" என்று கத்தினேன். "நான் ஏறினப்போ அடிக்கலையே! எல்லாரும் பாத்தீங்கல்ல? கடைசியா ஏறினது யாரு? சொல்லுங்க சார், யாரு?"

கண்டக்டர் முதல்முறையாகத் தலையாட்டாமல் நின்றார்.

மனைவி கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் அமைதியாக, "ஆமாங்க, நான்தான். அஞ்சு கிலோ ஏறிட்டேன்" என்றாள்.

"நான் ஏழு" என்றார் தையல்காரம்மா.

"முட்டைக்கோஸ் தின்னா எப்படி ஏறும்?" என்றேன்.

"முட்டைக்கோஸ் உங்களுக்கு." கைப்பையிலிருந்து பட்டன் போனை எடுத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். "அன்பான வாடிக்கையாளரே, மீன் வறுவல் ரெண்டு, இறால் ஒண்ணு, ஐஸ்கிரீம் ரெண்டு சாப்பிட்டதுக்கு நன்றி. இன்னொண்ணு படிக்கவா? 'எலும்பு சூப் மூணு.' மூணு சூப்புங்க! அது வயிறா, தண்ணித் தொட்டியா?"

லிஃப்ட் சுவரைப் பிடித்துக்கொண்டேன். திருதிருவென்று முழித்தேன்.

"பத்து தடவைக்கு ஒரு விருந்து, நாலு பேருக்கு. உங்க தயவுல மீன் கடையில ரெண்டு, சூப் கடையில ரெண்டு, நூடுல்ஸ்ல ஒண்ணு ஆச்சு. நான், அக்கா, கண்டக்டர் சாரு..."

"நாலாவது?"

வெளியே மச்சான் தொண்டையைக் கனைத்தார். விசிலைச் சட்டைக்குள் போட்டு மறைத்துக்கொண்டார்.

"அந்த நம்பர்... அது நான் வாய்க்கு வந்ததைச் சொன்னதும்மா! சும்மா கற்பனை!"

"கற்பனையா?" அவள் குரல் இறங்கிவிட்டது. "கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு வருஷம், தினம் மூணு தடவை இந்த நம்பருக்குத்தானே போன் பண்ணினீங்க? இது என் பழைய நம்பருங்க. பதினெட்டு வருஷம் ஆச்சு. நீங்க மறந்துட்டீங்க. உங்க வாய் மறக்கல."

தையல்காரம்மா மூக்கை உறிஞ்சினார். எனக்கும் உண்மையாகவே தலை குனிந்துவிட்டது. மாட்டிக்கொண்ட வெட்கம் பாதி, அவளை நிமிர்ந்து பார்க்க முடியாத ஏதோ ஒன்று பாதி. அவள் கண்ணும் லேசாகக் கலங்கியிருந்தது. பிழைத்தேன் என்று நினைத்தேன்.

"மொத மெசேஜ் வந்த அன்னைக்கே அண்ணனைத் தங்கறதுக்குத்தான் கூப்பிட இருந்தேன். நம்பரைப் பாத்ததும் மனசு வரல."

"அப்ப மச்சான் தங்கப் போறதில்லையா? பெட்டி?"

மச்சான் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே காலி டப்பாக்கள். "மிச்சம் கட்டிட்டு வர்றதுக்கு மாப்பிள்ளை" என்றார்.

"இன்னும் ஒரே ஒரு தடவை நீங்க போனா மீன் கடையில அடுத்த விருந்து" என்றாள் மனைவி. "நாளைக்கே போயிட்டு வந்துடுங்க. இனிமே எல்லாக் கடைக்கும் எப்பவும் போல போங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

காதில் தேன் பாய்ந்தது. "நிஜமாவா?"

"நிஜமாத்தான். இப்ப கொஞ்சம் இறங்குங்க. மணி அடிச்சுக்கிட்டே இருக்கு."

இறங்கினேன். மணி நின்றது. கதவு மூடிக்கொண்டது. ஐந்து மாடியையும் நான் சிரித்துக்கொண்டே ஏறினேன். மறுநாள் மதியம் வரை அந்தச் சிரிப்பு நிற்கவில்லை.

மீன் கடையில் வழக்கமான மேஜையில் உட்கார்ந்தேன். ஒரு வெட்டு வெட்டுவது என்ற முடிவோடு கையை மடித்துவிட்டுக்கொண்டேன். கல்லாப் பெண்ணே எழுந்து வந்து, ஒரு தம்ளர் வெந்நீரும் எலுமிச்சைத் துண்டும் வைத்தாள்.

"என்னம்மா இது? மீன் எங்கே?"

"வீட்டம்மா காலையிலயே போன் பண்ணிட்டாங்க சார். எது குடுத்தாலும் பில்லுல ஒரு தடவைன்னுதான் கணக்காகும், அதனால உங்களுக்கு இது போதுமாம். மீனை வேணும்னா பக்கத்து மேஜையில பாத்துக்கலாம்னு சொன்னாங்க."

பார்த்தேன். வெந்நீரைக் குடித்தேன். கல்லாவுக்குப் போய் நம்பர் சொன்னேன்.