கொளஞ்சியப்பன் துப்பாக்கிக்குக் குளியல்

தை பிறந்ததும் மாமனார் கொல்லையை விற்றே தீருவது என்று கார்த்திகேசன் முடிவு செய்துவிட்டான். முடிவு செய்வதில் அவனை மிஞ்சக் குறிஞ்சிப்பாடியிலேயே ஆளில்லை. அதைப் பெண்டாட்டியிடம் சொல்வதில்தான் கொஞ்சம் தடங்கல்.

கொல்லை ஊருக்கு மேற்கே, முந்திரித் தோப்பை ஒட்டிக் கிடந்தது. மல்லாட்டை என்கிற நிலக்கடலை போட்டால் காட்டுப்பன்றிக்குப் பாதி, வீட்டுக்குப் பாதி. சிதம்பரத்தில் மனை வியாபாரம் செய்கிற இளவரசு, இவனோடு படித்தவன், அதில் கல் நட்டு ஒரு 'நகர்' ஆக்கத் துடித்துக்கொண்டிருந்தான். ஆனால் பட்டா பெண்டாட்டி சௌந்தரத்தின் பேரில். அவள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

"அப்பா துப்பாக்கி வெடிக்கிற வரைக்கும் அந்தக் கொல்லைய விக்க மாட்டேன். அவரு தலமாட்டுல நின்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

அப்பா என்றால் கொளஞ்சியப்பன். போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பியாச்சு. துப்பாக்கி என்றால் வாய்ப்பக்கமாகக் கரிமருந்து கெட்டித்து வெடிக்கிற பழைய ஒற்றைக்குழல். லைசென்ஸ் இப்போது மகள் பேரில். பொழுது சாயும்போது சௌந்தரம் கொல்லைக்குப் போய் வானத்தைப் பார்த்து ஒரு வெடி போடுவாள். பன்றிகள் ஓடும். வீட்டில் உட்கார்ந்திருக்கிற கார்த்திகேசன் காதைப் பொத்திக்கொள்வான்.

லைசென்ஸ் புதுப்பிக்கிற நேரம் வந்தது. துப்பாக்கியைக் கொண்டுபோய் அதிகாரியிடம் காட்ட வேண்டும். குழல் துருப்பிடித்துக் கிடந்தால் லைசென்ஸ் கிடையாது. துப்பாக்கி போனால் சத்தியமும் போச்சு, கொல்லை இளவரசுக்கு.

"சௌந்தரம், இனிமே துப்பாக்கிய நான் தொடைக்கிறேன்."

"நீங்களா? குடிச்ச டம்ளர கழுவி வெக்க மாட்டீங்களே."

"மாமா மேல எனக்கு மட்டும் மரியாத இல்லியா?"

"செய்யுங்க. அப்பா சந்தோஷப்படுவாரு" என்றாள். அவள் இவ்வளவு சுலபத்தில் ஒத்துக்கொண்டது அவனுக்கே ஒரு மாதிரி இருந்தது.

செல்போன் வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் விலாவாரியாகச் சொல்லியிருந்தார். கரிமருந்து வெடித்தால் குழலுக்குள் கசடு படியும், வெறும் எண்ணெய்க்கு அது மசியாது, சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, அப்புறம்தான் எண்ணெய். உப்பு, புளி, ஆசிட் வகையெல்லாம் கிட்டேயே வரக்கூடாது. கிட்டே வரக்கூடாததை மட்டும் கார்த்திகேசன் கவனமாக மனசில் வாங்கிக்கொண்டான்.

முதலில் கல்லுப்பு. பாட்டிலில் கரைத்து மாட்டுக் கொட்டகைப் பரணில் ஒளித்து வைத்தான். சாயங்காலம் அவள் வெடித்துவிட்டு வந்ததும் குழலில் ஊற்றினான். அழுகின முட்டை நாற்றம் குப்பென்று வந்தது. கரிமருந்துக் கசடில் தண்ணீர் பட்டால் அப்படித்தான் நாறும். தெரிந்தும் அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. துடைக்காமல் ஆணியில் மாட்டிவிட்டு வந்துவிட்டான்.

விடிந்து பார்த்தால் குழல் பளபளவென்று இருந்தது. மேலே மெல்லிசாக எண்ணெய். கூடவே ஒரு வாசனை. சுருட்டு. கொளஞ்சியப்பன் குடித்த அதே சுருட்டு.

"நீ துப்பாக்கியத் தொட்டியா?"

"நான் ஏன் தொடுறேன்? அது உங்க வேலையாச்சே."

அடுத்து, அதே பரணில் ஒளித்து வைத்த புளித்தண்ணீர். ஊற்றினால் நுரைத்துக்கொண்டு வந்தது. பழைய புளி, நுரைத்தாலும் நுரைக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். மார்கழிப் பனி இறங்குகிற நேரம். ஜன்னல் காற்று குழல் வாயில் பட்டு 'ஊ' என்று இழுத்தது.

"யாரோ கூப்புடுற மாதிரி இல்ல?"

சௌந்தரம் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "அப்பாவா இருக்கும். இந்நேரத்துக்கு ஒருதரம் கொல்லைக்குப் போயிட்டு வருவாரு."

பால்காரரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் குழல் முன்னைவிடப் பளபளத்தது. சுருட்டு வாசனையும் முன்னைவிட ஜாஸ்தி.

கடைசியாக, கக்கூஸ் கழுவுகிற நீல ஆசிட். இதற்குத் தப்பின இரும்பு உலகத்தில் கிடையாது. குழல் நிறைய ஊற்றினான். நீலமாக நுரை பொங்கியது. காலையில் போய்ப் பார்த்தான். குழல் மேல் அவன் முகம் தெரிந்தது. முகத்துக்குப் பின்னால் புகை மாதிரி ஒன்று சுருண்டது. திரும்பினான். யாருமில்லை.

"மாமா, கொல்லைய விக்கல. சத்தியமா விக்கல" என்று துப்பாக்கியைப் பார்த்துக் கும்பிட்டான். அங்கேயே நின்று இளவரசுக்கும் போன் போட்டு அதையே சொன்னான்.

"என்ன மச்சான், பேய் கீய் புடிச்சிருக்கா?"

"இன்னும் புடிக்கல. அதுக்குள்ள சொல்லிடலாம்னுதான்."

அதிகாரி குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்து அசந்துபோனார். யார் துடைக்கிறார்கள் என்று கேட்டார். "எங்க வீட்டுக்காரருதான் சார், தெனமும்" என்றாள் சௌந்தரம். அப்புறம் மேசைப்பக்கம் குனிந்து என்னவோ கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்கு வந்து காப்பியை நீட்டிக்கொண்டே சொன்னாள். "பரணுல நீங்க ஒளிச்சு வெச்ச பாட்டில்ல உப்புத்தண்ணிய கொட்டிட்டு நல்ல தண்ணி ரொப்பினேன். புளிக்குப் பதிலா பூந்திக்கொட்ட ஊறவெச்ச தண்ணி. ஆசிட்ட கொட்டிட்டு சோப்புத் தண்ணியில சொட்டு நீலம் உட்டேன். விடியக்காலம் தொடச்சு எண்ணெ போட்டதும் நான்தான். எல்லாம் அப்பா சொல்லிக்குடுத்த பக்குவம்."

கார்த்திகேசனுக்கு ஆத்திரமாகத்தான் வந்தது. ஆனால் அதைவிட நிம்மதி பெரிசாக இருந்தது. பேயில்லை. பெண்டாட்டிதான். பேய் போனதும் பழைய தைரியம் திரும்பி வந்தது.

"அப்படின்னா இளவரசுகிட்ட நான் மறுபடியும்..."

"துப்பாக்கிதான் நல்லா வெடிக்குதே. எனக்குத்தான் பனி ஒத்துக்கல, முட்டி வலிக்குது. அதான் லைசென்சுல துப்பாக்கி எடுத்துட்டுப் போற ஆளா உங்க பேர குடுத்திருக்கேன். கெளம்புங்க, பொழுது சாயுது."

துப்பாக்கி அவன் தோளுக்கு வந்துவிட்டது. மறுத்தால் கொட்டகை பாட்டில்களைப் பற்றி ஊர் முழுக்கச் சொல்வாள். வாசல்படி வரைக்கும் போனவன் திரும்பினான்.

"எல்லாம் சரி. அந்தச் சுருட்டு எந்தக் கடையில வாங்கின?"

"சுருட்டா?" சௌந்தரம் டார்ச்சை அவன் கையில் திணித்தாள். "அது நானில்லீங்க. கொல்லையிலதான் இருப்பாரு, நீங்களே கேட்டுக்குங்க."