கசிம் மகன் எல்தாருக்கு ஏழு ரொட்டி

"யாரு பேர்லக்கா?" என்று எதிர்வீட்டு ரிஸ்தி கேட்டபோதுதான், இப்படி ஒரு கேள்வி வரும் என்பதே பிபிகுலுக்கு உறைத்தது.

தட்டில் எண்ணெயில் பொரித்த சூடான ரொட்டி. வெள்ளிக்கிழமை ஏழு ரொட்டி பொரித்தால் அந்த வாசம் செத்தவர்களைப் போய்ச் சேரும். ரொட்டி அக்கம்பக்கத்துக்குப் போகும். எங்கள் கரகண்டா ஊரில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் பிபிகுல் பொரித்தது எல்தாருக்கு. முந்தின நாள் சாயங்கால டிவித் தொடரில் ஆற்றில் மூழ்கிச் செத்துப்போன கதாநாயகன் அவன். இரண்டு வருடமாக அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தவள், சும்மா இருக்க மனசு கேட்கவில்லை.

"ஒண்ணுவிட்ட தம்பி. மாரடைப்பு," என்றாள்.

கட்டடத்தின் மற்ற பெண்கள் அந்த நேரத்தில் அடுத்த சேனலில் துருக்கித் தொடர் பார்ப்பவர்கள். அதனால் பிழைத்தாள். ஆனால் எங்கள் கட்டடத்தில் அடுத்தவர் துக்கத்தை யாரும் தனியாக விட்டுவைப்பதில்லை. இருட்டுவதற்குள் ஒன்பது பேர் வந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். மறுநாள் ஸெய்த் முல்லாவையே கூட்டி வந்துவிட்டார்கள்.

முல்லா, செத்தவர் பெயரையும் தகப்பன் பெயரையும் கேட்டார். பொய்ப் பெயர் சொன்னால் ஓதுகிற புண்ணியம் வேறு எவனுக்கோ போய்விடுமே என்று, "கசிம் மகன் எல்தார்" என்று உள்ளதையே சொல்லிவிட்டாள். அவர் ஓத ஓத இவளுக்கு முதுகு வேர்த்தது. டிவிக்காரனுக்குக் குர்ஆன் ஓத வைத்தாள் என்று தெரிந்தால், நாளை அவள் செத்தாலும் இந்தக் கட்டடத்தில் ஒருவர் வாசல் மிதிக்கமாட்டார்.

மூன்றாம் வாரம் ரிஸ்தி வெளிறிப்போய் வந்து நின்றாள்.

"உங்க தம்பி கனவுல வந்தாருக்கா. கோட்டெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். மாரடைப்புன்னுதானே சொன்னீங்க?"

பிபிகுல் கோப்பையைக் கீழே வைத்தாள். "வேர்வையா இருக்கும்."

"வேர்வையில பாசி ஒட்டியிருக்குமா? அம்மாவக் காணோம்னு தேடுறாரு, பாவம்."

அவ்வளவுதான். நாற்பதாம் நாள் விருந்துக்கு அந்த அம்மாவை அழைத்தே தீரவேண்டும் என்று கட்டடமே ஒற்றைக் காலில் நின்றது. தொடரில் அவனுக்கு அம்மா என்று யாரையும் பிபிகுல் பார்த்ததேயில்லை. கால் முடியாதவர் என்றாள். கார் அனுப்புகிறோம் என்றார்கள். விலாசம் தொலைந்துவிட்டது என்றாள். சொந்தச் சித்தியின் விலாசம் தொலையுமா என்று ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல், சொல்லியாச்சு, வந்துவிடுவார்கள் என்று சொல்லிவைத்தாள்.

நாற்பதாம் நாள் பகல். குதிரைக்கறி ஆவி பறக்கிறது. வாசலுக்கு நேர் எதிரே, மரியாதைக்குரிய இடம் மட்டும் காலி. ரிஸ்தி அந்த இடத்தைப் பார்க்கிறாள், கதவைப் பார்க்கிறாள், பிபிகுலைப் பார்க்கிறாள். ரயில் தவறிவிட்டதாம் என்று சொல்ல பிபிகுல் வாயைத் திறந்தாள்.

மணி அடித்தது.

வெள்ளைத் தலைத்துணி கட்டிய ஒரு கிழவி. எட்டாவது மாடி, லிஃப்ட் ஒரு வாரமாக ஓடவில்லை. கிழவிக்கு மூச்சு வாங்கவில்லை.

"எல்தாரோட அம்மா," என்றாள்.

நேரே போய் அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்தாள். நன்றாகச் சாப்பிட்டாள். கிளம்பும்போது இரண்டு ரொட்டியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, பிபிகுலின் கன்னத்தைத் தொட்டு, "புள்ள இப்பத்தான் வயிறாரச் சாப்பிடுறான்மா," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

சாப்பாட்டு வாசம் பிடித்து வந்த எவளோ ஒருத்தி, நம் மானத்தைக் காப்பாற்றிவிட்டாள் என்று பிபிகுலுக்கு உயிர் வந்தது. ரிஸ்திகூட மூக்கைச் சிந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். எல்லாரும் போனபின் கடைசியாக ஸெய்த் முல்லா செருப்பை மாட்டினார். படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"தொடர நீ நடுவுலருந்துதான் பாத்திருப்ப, பிபிகுல். முதல் வாரமே செத்துப்போனாங்களே இந்த அம்மா."