மூன்று கிலோ சந்தோஷம்

"காலையில தொண்ணூத்து நாலு டாக்டர். இப்ப தொண்ணூத்தொண்ணு. நடுவுல ஒரு டீயும் ரெண்டு பிஸ்கட்டும் வேற சாப்பிட்டிருக்கேன்" என்றார் தையல்காரர், எடை மெஷினிலிருந்து இறங்கியபடியே.

டாக்டர் பேனாவை மூடினார். "காலையில எங்க பார்த்தீங்க?"

"இன்சூரன்ஸ்காரங்க கூப்பிட்டிருந்தாங்க. அவங்க மெஷின் சுத்தக் கோளாறு. என்னைப் பார்த்தா தொண்ணூத்து நாலு மாதிரியா இருக்கு?"

கடையில் எடை குறைந்தால் சண்டைக்குப் போகிற மனிதன், தன் எடை குறைந்தால் தராசைத் தட்டிக் கொடுப்பான். தையல்காரர் உண்மையிலேயே மெஷினை ஒரு தட்டுத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

டாக்டர் மட்டும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது பழைய காலத்து மெஷின். ஏறி நிற்க ஓர் இரும்புப் பலகை, நெஞ்சு உயரத்தில் ஒரு நீளக் கம்பி, அதில் நகரும் இரண்டு குண்டுகள், கம்பியின் கோடியில் அளவைச் சரிசெய்ய ஒரு சின்னத் திருகு. பத்தொன்பது வருடமாகச் சர்க்கரையும் உடல் பருமனும் பார்த்துவரும் டாக்டருக்கு நோயாளிகள் வைத்த பெயர் 'கறார்'. அப்படிப்பட்டவரே கடந்த மூன்று மாதமாகக் கொஞ்சம் இளகியிருந்தார். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வருடக்கணக்கில் அசையாத நோயாளிகள் எல்லாம் ஒரே வாரத்தில் மூன்று கிலோ இறங்கினார்கள். இறங்கிய உற்சாகத்தில் நடக்க ஆரம்பித்தார்கள். வாராவாரம் எடை பார்க்க வரிசை நின்றது.

எல்லோரும் மூன்று கிலோ. யாரும் இரண்டரை இல்லை. இது ஏன் இவ்வளவு நாள் தனக்கு உறைக்கவில்லை என்று டாக்டர் யோசித்தார். பிறகு சிஸ்டரைக் கூப்பிட்டார்.

"எடை போட்டு சீல் வெச்ச சாமான் ஏதாவது ஒண்ணு வேணும். பத்து கிலோ. எதிர்க் கடையில வாங்கிட்டு வாங்க. யாருக்கும் தெரிய வேண்டாம்."

"என்ன சாமான் டாக்டர்?"

"எதுவா இருந்தா என்ன? எடைதான் முக்கியம்."

பத்து நிமிடத்தில் சிஸ்டர் ஒரு மூட்டையை இடுப்பில் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு, காத்திருந்த பதினேழு நோயாளிகளின் நடுவே நடந்து வந்தார். மூட்டையின் மேல் கொட்டை எழுத்தில் ஒரே ஒரு வார்த்தை அச்சாகியிருந்தது: சர்க்கரை.

"சிஸ்டர்!"

"வேற எதுவும் பத்து கிலோல இல்ல டாக்டர். சோப்புத்தூள் இருந்துச்சு, மூட்டை கிழிஞ்சிருந்துச்சு."

கதவு சாத்தப்பட்டது. வெளியே டீச்சர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் திரும்பினார். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவர்; எண்களை விளையாட்டாக எடுத்துக்கொள்கிற பழக்கம் கிடையாது.

"நமக்கு டீயில அரை ஸ்பூன் ஆகாதுங்கறாரு. உள்ள மூட்டை மூட்டையா இறங்குது."

"ஒரு மூட்டைதானே டீச்சர்?"

"நான் பார்த்தது ஒண்ணு."

உள்ளே மூட்டை மெஷினில் ஏற்றப்பட்டது. ஏழு கிலோ. இறக்கி மறுபடி ஏற்றினார்கள். ஏழேதான்.

டாக்டர் அப்படியே நாற்காலியில் சரிந்தார். முகம் தொங்கிவிட்டது.

"மூணு கிலோதானே டாக்டர்" என்றார் சிஸ்டர் ஆறுதலாக.

"மூணு கிலோதானேவா!" என்று டாக்டர் போட்ட சத்தத்தில் வெளியே ஒருவர் பிளட் பிரஷர் மாத்திரையைத் தேடினார். நோயாளிகள் மேல் இந்த மனிதருக்கு எவ்வளவு அக்கறை என்று சிஸ்டர் நெகிழ்ந்து போனார்.

"எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிடலாமே டாக்டர்."

டாக்டர் டீச்சருடைய ஃபைலைப் பிரித்தார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஒன்பதரையிலிருந்து ஏழரைக்கு வந்திருந்தது. தையல்காரருக்கும் அப்படித்தான். மெஷின் சொன்னது பொய். அதை நம்பி அவர்கள் நடந்த நடை நிஜம். இதே டீச்சர் முன்பு ஒரு தடவை, ஒரே ஒரு கிலோ கூடிவிட்டது என்று அழுதுகொண்டு போனவர், ஒரு வருடம் இந்தப் பக்கமே வரவில்லை. திரும்பி வரும்போது காலில் ஆறாத புண்ணோடு வந்தார். விரலை எடுக்காமல் காப்பாற்றியதே பெரும்பாடு.

"இப்ப போய் சொன்னா மனசு விட்டுடுவாங்க" என்றார் டாக்டர். "கொஞ்சம் கொஞ்சமா சரி பண்ணிடலாம். வாரத்துக்கு அரைக் கிலோ திருகுவோம். அவங்களும் வாரத்துக்கு அரைக் கிலோ நிஜமாவே குறையறாங்க. ரெண்டும் ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போயிடும். யாருக்கும் ஏறின மாதிரியே தெரியாது. ஆறு வாரத்துல மெஷினும் உண்மை பேசும், நாமளும் உண்மை பேசலாம்."

கணக்கு சரிதான். டாக்டர் அன்றே திருகில் கை வைத்தார்.

முதலில் கிளம்பியது மூட்டை விவகாரம். அதைப் படுக்கைக்கு அடியில் தள்ளி வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள், கிளினிக்கைக் கூட்டித் துடைக்கிற அக்கா துடைப்பத்தோடு வந்து நின்றார்.

"எறும்பு வருது டாக்டர். வரிசையா வாசல் வரைக்கும் போகுது."

"நீங்களே அந்த மூட்டையை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்கம்மா."

"எனக்கும் சர்க்கரை டாக்டர். நீங்கதானே மாத்திரை தர்றீங்க."

மூட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. காத்திருந்தவர்கள் எறும்பு வரிசையைப் பார்த்தார்கள். அது எங்கிருந்து வருகிறது என்றும் பார்த்தார்கள்.

டீச்சரின் எடை முதல் வாரம் எழுபத்தொன்பது. இரண்டாம் வாரம் எழுபத்தொன்பது. மூன்றாம் வாரமும் அதுவே.

"தினம் ஸ்கூலுக்கு நடந்து போறேன் டாக்டர். திரும்பியும் நடந்துதான் வர்றேன். ஏன் அசைய மாட்டேங்குது?"

"அதுவா அசையும். அவசரப்படாதீங்க."

"சாயங்கால நொறுக்குத் தீனியையும் நிறுத்திட்டேன்."

"நல்லது, நல்லது" என்றார் டாக்டர், கண்ணைப் பார்க்காமல்.

தையல்காரருக்கும் எண் நின்றுவிட்டது. "மெஷின் தூங்கிடுச்சா சிஸ்டர்?" என்று கேட்டுப் பார்த்தார். சிஸ்டர் சிரிக்கக்கூடப் பயந்தார். ஏனென்றால், திருகு நகர நகர டாக்டர் பழையபடி கறாராகிக்கொண்டு வந்தார். மருந்துச் சீட்டில் தேதி கோணலாக இருந்தால் கத்தினார். ஃபேன் சத்தம் போட்டால் ஃபேனைத் திட்டினார். காலை வேளைகளில் அவர் அறைக்குள் காபி கொண்டுபோக யாரும் முன்வரவில்லை.

"அந்த மூட்டை வந்ததுல இருந்துதான் இப்படி" என்றார் தையல்காரர் காத்திருப்பவர்களிடம், குரலைத் தாழ்த்தி. "மனுஷன் ரகசியமா சாப்பிடறாரு. சர்க்கரை ஏறினா கோபம் வரும். எனக்குத் தெரியாதா?"

நான்காம் வாரம் செவ்வாய்க்கிழமை டீச்சர் எடை பார்த்தார். எழுபத்தொன்பது. அன்று டாக்டர் வேறு, "ஒழுங்கா கட்டுப்பாட்டோட இருந்தா ஏன் குறையாது?" என்று சிடுசிடுத்தார். சொன்ன அடுத்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டார். டீச்சர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு கார் வாசலில் வந்து நின்றது. இரண்டு ஆசிரியர்கள் டீச்சரைத் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். பின்னம் சொல்லிக்கொடுக்கும்போது கரும்பலகையைப் பிடித்தபடியே சரிந்துவிட்டாராம். உடம்பெல்லாம் வியர்வை. கை நடுங்கியது. கண் திறந்திருந்தது, கேட்டதற்குக் குழறலாகப் பதில் வந்தது.

சிஸ்டர் விரலில் குத்திப் பார்த்தார். "நாற்பத்தெட்டு டாக்டர்!"

"சர்க்கரை இறங்கிடுச்சு. குளுக்கோஸ்!"

குளுக்கோஸ் டப்பா அலமாரியில் இருந்தது. அலமாரி பூட்டியிருந்தது. சாவி எங்கே என்று சிஸ்டர் தேடுவதற்குள், டாக்டர் மண்டியிட்டுப் படுக்கைக்கு அடியிலிருந்து மூட்டையை இழுத்தார். பல்லால் நூலைப் பிரித்தார். கைப்பிடி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி டீச்சரின் வாயில் வைத்தார். திறந்திருந்த கதவு வழியாகப் பதினைந்து சர்க்கரை நோயாளிகள் இதை மூச்சு விடாமல் பார்த்தார்கள்.

கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. டீச்சர் எழுந்து உட்கார்ந்தார்.

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?" என்றார் டாக்டர்.

"புதன்கிழமை மத்தியானம். ஆனா மாத்திரையை மட்டும் நேரம் தவறாம போட்டேன் டாக்டர்."

"சாப்பிடாம மாத்திரை போட்டா ஆளையே சாய்ச்சிடும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! ஏம்மா இப்படிப் பண்ணீங்க?"

"நாலு வாரமா எழுபத்தொன்பது. இவ்வளவு நடந்தும் குறையலைன்னா உடம்புல வேற ஏதோ பெரிய வியாதின்னு பயந்துட்டேன். நீங்களும் கோபப்பட்டீங்க. ராத்திரி எல்லாம் தூக்கமே இல்ல."

டாக்டர் எழுந்து கதவை நன்றாகத் திறந்துவைத்து, எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார். மெஷின் பொய் சொன்னதையும், தான் அதை மூட்டை வைத்துக் கண்டுபிடித்ததையும், யாருக்கும் சொல்லாமல் அரை அரைக் கிலோவாகத் திருகியதையும் ஒன்று விடாமல் சொன்னார். சொல்லி முடித்ததும் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தையல்காரர் கழுத்தில் தொங்கிய டேப்பைக் கையில் எடுத்தார்.

"அப்ப என் இடுப்பு? ரெண்டு இஞ்ச் பேண்ட்டைப் பிடிச்சுத் தெச்சிருக்கேன் டாக்டர். என் டேப் பொய் சொல்லாது."

"அது நிஜம். முதல் மூணு கிலோதான் பொய். அதுக்கப்புறம் குறைஞ்சதெல்லாம் உங்க சொந்தச் சம்பாத்தியம்."

டீச்சர் மனசுக்குள் கணக்குப் போட்டார். "அப்படின்னா இந்த நாலு வாரத்துல நான்..."

"ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கீங்க. நான்தான் அதைக் காட்ட விடலை. மன்னிச்சிடுங்க."

டீச்சர் அழுவாரா திட்டுவாரா என்று எல்லோரும் பார்த்தார்கள். அவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் அறையில் இருந்த இறுக்கம் தளர்ந்தது. இனி எடையை மட்டும் பார்ப்பதில்லை, டேப்பும் ரத்தப் பரிசோதனையும் சேர்த்துப் பார்ப்பது என்று அங்கேயே முடிவாயிற்று. புது மெஷின் வாங்கிவிடுவதாக டாக்டர் சொன்னார்.

தையல்காரர் மட்டும் பழைய மெஷினின் திருகைக் குனிந்து ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"இது தானாக் கழண்டதில்ல டாக்டர். தானாக் கழண்டா ஆடும். இது நீங்க கை வைக்கற வரைக்கும் சரியா மூணு கிலோலயே நின்னிருக்கு. யாரோ பார்த்துப் பார்த்துத் திருகியிருக்காங்க."

டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் தலையை ஆட்டி மறுத்தார். வாசற்படியில் துடைப்பத்தோடு நின்றிருந்த அக்கா ஒரு தடவை தொண்டையைச் செருமினார்.

"நான்தான். நாலு மாசத்துக்கு முன்னாடி, துடைக்கும்போது."

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க மனசு நோகக் கூடாதுன்னா அக்கா? எங்க மேல இவ்வளவு பாசமா?"

"உங்களுக்காகன்னு யாரு சொன்னா?" என்றார் அக்கா. "தினம் காலையில வந்ததும் கதவைச் சாத்திக்கிட்டு டாக்டர்தான் முதல்ல அதுல ஏறி நிக்கறாரு, கூடக் காட்டினா அன்னிக்குப் பூரா எங்க மேல எரிஞ்சு விழறாரே!"