கட்-அவுட்டுக்குக் கட்டுப்போட்ட கங்காரு சார்

இராஜபாளையத்தில் ஆஸ்திரேலியா என்றதும் கிரிக்கெட் ஞாபகத்துக்கு வராத ஒரே ஆம்பளை எங்கள் கங்காரு சார்தான். அந்த ஊர் ஆட்டக்காரன் ஒருத்தன் பெயர்கூட அவருக்குத் தெரியாது. ஆனால் அங்கே உள்ள பூர்வகுடிகள் எந்த ஆற்றங்கரையில் எந்த மொழி பேசினார்கள், அதில் எதெல்லாம் பேச ஆளில்லாமல் போயிற்று என்று கேட்டுவிட்டால் தொலைந்தோம். கல்லூரி விட்டு இராஜபாளையத்தில் பஸ் ஏறினால், தன் வீடு இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கும்வரை சொல்லுவார். பக்கத்து சீட்டுக்காரர் பாதி வழியில், மம்சாபுரத்துக்குப் பிரியும் விலக்கிலேயே இறங்கிவிடுவார்.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் கல்லூரி ஆங்கிலத் துறைக்கு வந்தார். நானும் அதே துறை. ஆராய்ச்சிக்கு ஒரு பூர்வகுடிக் கவிஞரை எடுத்துக்கொண்டார். "ஏன்யா, இங்கிலாந்துக்காரங்க எல்லாம் தீந்து போயிட்டாங்களா?" என்று மதுரையில் இவருடைய நெறியாளர் கேட்டாராம். இவர் அசரவில்லை.

பட்டப்பெயர் மாணவர்கள் வைத்தது. "நான் மனுசங்களைப் பத்திப் பாடம் நடத்துறேன். நீங்க எனக்கு மிருகத்தோட பேர வைக்கிறீங்களே!" என்று வகுப்பில் சீறினார். சீறும்போது இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கிக்கொண்டு நுனிக்காலில் எம்பினார். அதோடு பெயர் நிலைத்துவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தக் கவிஞர் இறந்துபோனார். கங்காரு சாரைவிட வயதில் சின்னவர். நேரில் பார்த்ததில்லை, கடிதப் பழக்கம்தான். அன்றிலிருந்து சார் அவர் பெயரை உச்சரிப்பதை நிறுத்திவிட்டார். "அவிய ஆளுகள்ல ஒருத்தர் போயிட்டா பேரச் சொல்ல மாட்டாங்க. படத்தையும் காட்டக் கூடாது. குடும்பம் எப்பச் சொல்லுதோ, அப்பத்தான்" என்றார். வகுப்பில் 'நம்ம கவிஞர்' என்றே ஒப்பேற்றினார்.

சில மாதம் கழித்து, கவிஞரின் அக்கா மதுரைக்கு ஒரு கருத்தரங்குக்கு வருவதாகத் தெரிந்தது. அவரும் கவிஞர்தான். கங்காரு சார் எழுதிக் கேட்டதற்கு, ஒருநாள் எங்கள் கல்லூரிக்கும் வருவதாகச் சம்மதித்துவிட்டார். எங்கள் கரஸ்பாண்டென்ட் பஞ்சாலை முதலாளி. வெளிநாட்டு விருந்தாளி என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று காலை பஸ்ஸிலிருந்து நானும் கங்காரு சாரும் ஒன்றாக இறங்கினோம். கல்லூரி வாசலைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். பனைமர உயரத்துக்கு ஒரு கட்-அவுட். இறந்துபோன தம்பி! புத்தக அட்டையில் இருந்த சின்னப் படத்தைக் கொடுத்து, சினிமா பேனர் வரைகிறவரிடம் கரஸ்பாண்டென்ட் ரகசியமாகச் சொல்லிச் செய்திருக்கிறார். கழுத்தில் ரோஜா மாலை, காலடியில் குத்துவிளக்கு. விருந்தாளி கையால் விளக்கேற்றுவதாக ஏற்பாடு.

பேனர்காரர் பெருமையோடு வந்தார். "ஆளு ரொம்பக் கருப்பா இருந்தாரு சார். நாந்தான் கொஞ்சம் செவப்பு ஏத்திவிட்டேன்."

கங்காரு சார் கை இரண்டும் நெஞ்சுக்கு வந்துவிட்டது. ஆனால் எம்பவில்லை.

முதல்வரிடம் ஓடினோம். "எறக்கச் சொல்ல நான் யாரு? கரஸ்பாண்டென்ட்டக் கேளுங்க" என்றார். கரஸ்பாண்டென்ட் வாசலில் பட்டு வேட்டியோடு நின்றிருந்தார். கங்காரு சாரின் பணி நிரந்தர உத்தரவு அந்த மாதம் அவர் மேஜையில் இருந்தது. கையெழுத்துதான் பாக்கி. நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். சார் நிற்கவில்லை.

"ஐயா, இதை எறக்கிரணும். இறந்தவரோட உருவத்தைப் பார்த்தா அந்தம்மா தாங்க மாட்டாங்க."

"என்னய்யா பேசுறீரு? எங்கய்யா படத்துக்குத் தெனமும் மாலை போட்டுத்தான் நான் காப்பியே குடிக்கேன். செத்தவியள மறக்கறதுதான் அவங்க பண்பாடா?"

"மறக்கறதில்லைங்கய்யா. போறவரை நிம்மதியா அனுப்புறது."

"எறக்க முடியாது. அம்புட்டுத்தான்."

அந்த நேரத்தில் ஆபீஸ் போன் அடித்தது. விருந்தாளியை அழைத்துவர மதுரைக்குப் போன காரோட்டி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பேசினார். "பால்கோவா வாங்கியாச்சு சார். கெளம்பிட்டோம்." இனி கால் மணி, மிஞ்சினால் அரை மணி.

திரும்பிப் பார்த்தால் கங்காரு சாரைக் காணோம். எதிரில் ஆஸ்பத்திரி பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனி ஒன்று உண்டு. அதற்குள்ளிருந்து தோளில் ஒரு பெரிய துணி உருளையைச் சுமந்துகொண்டு ஓடி வந்தார். பேனர்காரரின் ஏணியைச் சாத்தி ஏறிவிட்டார். "சார், சுத்திச் சுத்திக் குடுங்க!" என்று மேலேயிருந்து கத்தினார். எனக்கும் நிரந்தர உத்தரவு வந்திருக்கவில்லை. ஆனாலும் கை தானாகத் துணியைப் பிடித்துக்கொண்டது.

முகம் மறைந்தது. கழுத்து மறைந்தது. மாலைக்கு மேலேயே துணி ஓடியது.

"ஏலே, எறங்குலே! எறங்குதியா, இல்லியா?" கரஸ்பாண்டென்ட் கீழேயிருந்து ஏணியை உலுக்கினார். பேராசிரியரை அவர் ஏலே என்று கூப்பிட்டது அன்றுதான். ஏணி ஆடியது. சார் ஒரு கையால் கவிஞரின் காதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு மறு கையால் சுற்றினார். மாணவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை.

இடுப்பு வரை வந்தபோது கார் வந்துவிட்டது.

அந்தம்மா இறங்கினார். நம் ஊர்ப் பெண்களின் நிறம், நரைத்த சுருட்டை முடி. லாரியில் அடிபட்டவர் மாதிரி கட்டுப்போட்டு நின்ற உருவத்தை அண்ணாந்து பார்த்தார். அந்தரத்தில் தொங்கிய மனிதரையும் பார்த்தார். "யார் அது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கங்காரு சார் மேலேயிருந்தே, பெயரைச் சொல்லாமல் பதில் சொன்னார்: "உங்கள் தம்பி, அம்மா. மன்னித்துவிடுங்கள்."

சுற்றில் சிக்காமல் உருவத்தின் ஒரு கை வெளியே நின்றது. அந்தம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "எங்கள் அம்மா இன்னும் அனுமதி கொடுக்கவில்லை. மூடியதற்கு நன்றி."

சந்தனக் கிண்ணத்தோடு நின்ற கரஸ்பாண்டென்ட்டின் மனைவி என்னிடம் விவரம் கேட்டார். சொன்னேன். அவர் கணவர் பக்கம் திரும்பினார்.

"இதுல என்ன அதிசயம்? கல்யாணமாகி இம்புட்டு வருசத்துல உங்க பேர நான் ஒருதடவ சொல்லியிருக்கேனா? ஒவ்வொருத்தருக்கு ஒரு முறை. அந்தம்மா மொகத்தப் பாருங்க. மொதல்ல ஏணியப் பிடிங்க, வாத்தியார் விழுந்துரப் போறாரு."

கரஸ்பாண்டென்ட் ஏணியைப் பிடித்துக்கொண்டார். கங்காரு சார் இறங்கினார். சாரின் வேட்டி கிழிந்திருந்தது.

கரஸ்பாண்டென்ட்டின் வரவேற்புரையில் வரிக்கு வரி அந்தப் பெயர் இருந்தது. ஒவ்வொரு தடவையும் விழுங்கிவிட்டு "அன்னார்", "அன்னார்" என்றே படித்து முடித்தார். கூட்டம் முடிந்ததும் கட்டவிழ்க்காமலேயே கட்-அவுட்டை உள்ளே கொண்டுபோய்ச் சாத்தினார்கள். ஆனால் வாசலில் வைத்துத் தன் சொல்லை மீறியதைக் கரஸ்பாண்டென்ட் மறக்கவில்லை. கங்காரு சாரின் உத்தரவு வேறொரு மேஜைக்கு நகர்ந்து அங்கேயே தூங்கியது.

ஆய்வேட்டை முடித்துக் கொடுத்தால் வேறு கல்லூரிக்காவது போகலாம். எழுதி முடித்தும் சமர்ப்பிக்காமல் வைத்திருந்தார். பக்கத்துக்குப் பக்கம் அந்தப் பெயர். "எப்பத்தான் குடுக்கப் போறீரு?" என்று நெறியாளர் கத்தினார். "அவங்கம்மா சொல்லணும் சார்" என்றார் இவர். யாருடைய அம்மா என்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. இவருக்குப் பின்னால் சேர்ந்தவர்களெல்லாம் டாக்டர் ஆனார்கள். இவர் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தார்.

இரண்டு வருஷம் ஓடியபின் ஒருநாள் சாயங்காலம், கல்லூரி விட்டு பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வழக்கமான பேச்சு எதுவும் பேசவில்லை. "அந்தம்மா எழுதியிருக்காங்க. அவங்கம்மா சரின்னுட்டாங்களாம்" என்றார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அந்தப் பெயரைச் சொன்னார். முதல் தடவை குரல் வரவில்லை. மறுபடி சொன்னார். மூன்றாம் தடவை பஸ் முழுக்கக் கேட்டது. கண்டக்டர் ஓடிவந்து, "யாரு சார், தெரிஞ்சவியளா?" என்றார்.

"ரொம்பத் தெரிஞ்சவரு" என்றார் கங்காரு சார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

என் ஸ்டாப் வந்தது. டிக்கெட் அதுவரைக்கும்தான் எடுத்திருந்தேன். நான் எழுந்திருக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இன்னொரு டிக்கெட் வாங்கிக்கொண்டு அவர் பக்கத்திலேயே இருந்தேன்.